மீட்பு வட்டு

மீட்பு வட்டு என்பது படுத்துவிட்ட கணினியை வெளியிலிருந்து இயக்கி, அதன் ஹார்ட் டிஸ்க்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உதவும் ஃப்ளாப்பி, சி.டி., பென் டிரைவ் போன்றவற்றின் பொதுப்பெயர். கடைப்பேச்சில் 'பூட்டபிள்'.

பழைய வகைக் கணினிகளில், தொடக்க நிரலான பயாஸ் முதலில் வட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றின் கடைசி இரண்டும் 55, ஏஏ என்று இருந்தால்தான் வேலையை அந்தத் துணுக்கிடம் ஒப்படைக்கும். அது கெட்டுவிட்டால், கோப்புகளெல்லாம் நலமாக இருந்தும் கணினி எழாது. 1.44 எம்.பி. ஃப்ளாப்பியே நெடுங்காலம் இதற்கு மருந்தாக இருந்தது. விண்டோஸ் 98இன் ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பியில் சி.டி. டிரைவை இயக்கும் டிரைவர்களும் சேர்ந்தன. ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். நிறுவனங்கள் 1995இல் வெளியிட்ட எல் டோரிட்டோ வரையறை, சி.டி.யிலிருந்தே கணினி நேராக எழ வழிசெய்தது. கிளவுஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு லினக்ஸையும் சி.டி.யிலிருந்து ஓட்டிக் காட்டியது.

மீட்பைத் தானாக நடத்தும் முயற்சி விண்டோஸ் எக்ஸ்.பி. புரொஃபஷனலில் தெளிவாகத் தெரிகிறது. அதன் 'ஆட்டோமேட்டட் சிஸ்டம் ரெக்கவரி', வட்டின் பிரிவுகளைப் பற்றிய குறிப்பை ஃப்ளாப்பியில் எழுதிவைக்கும். மீட்கும்போது விண்டோஸ் சி.டி.யில் தொடங்கி, கேட்கும் நேரத்தில் எஃப்2 அழுத்தி, ஃப்ளாப்பியைப் போட வேண்டும். ஃப்ளாப்பி டிரைவே கணினிகளிலிருந்து மறைந்துகொண்டிருந்த காலத்தில் இப்படி அமைத்தது பெரிய குறை. எக்ஸ்.பி. ஹோம் வைத்திருந்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

தமிழகத்தில், எடுத்துக்காட்டாகத் திண்டுக்கல் சமவெளியில், மீட்பு வட்டின் கதை மின்வெட்டோடு பிணைந்தது. 2008 முதல் தமிழகத்தை வாட்டிய பற்றாக்குறை, 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேர இருட்டாக முற்றியது. நூற்பாலை அலுவலகத்திலோ ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியிலோ யு.பி.எஸ். இல்லாமல் கணக்கு எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றுவிடும். அது விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியாக இருந்தால், கரண்ட் வந்ததும் கறுப்புத் திரையில் 'சிஸ்டம்32\கான்ஃபிக்\சிஸ்டம்' கோப்பு இல்லை அல்லது கெட்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கும். எக்ஸ்.பி. சி.டி.யில் தொடங்கி, 'ரிப்பேர்' கோப்புறையிலுள்ள பழைய பிரதியை அங்கே நகலெடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இதை விட்டுவிட்டு உடனே ஃபார்மட் அடித்தால் கணக்கு முழுவதும் போகும். தேவையற்ற இழப்பு அது.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளி மாணவர் வீடுகளிலும் மீட்பு வட்டின் தேவையைக் கொண்டுவந்தது. மாநில அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த தொடக்கக் கால மடிக்கணினிகளில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. விண்டோஸை மறுபடி போட்டால் தொடக்கப் பட்டியலே அழிந்து பாஸ் காணாமல் போகும். லைவ் டி.வி.டி.யில் தொடங்கி, அந்தப் பட்டியலைக் காட்டும் 'கிரப்'பை மீண்டும் நிறுவினால் திரும்பிவரும்.

பல தயாரிப்பாளர்கள் மீட்புக் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கின் தனிப் பிரிவிலேயே வைத்துவிட்டுச் சி.டி. தருவதை நிறுத்தியது நல்ல மாற்றமல்ல. டிஸ்க் செத்தால் மருந்தும் சேர்ந்து சாகிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8, யு.எஸ்.பி.யில் ரெக்கவரி டிரைவ் உருவாக்கும் வசதியைத் தந்தது. ரூஃபஸ், வென்டாய் போன்ற இலவசக் கருவிகளால் பென் டிரைவே இன்று மீட்பு வட்டு. இவற்றில் வென்டாய், ஒரே பென் டிரைவில் பல ஐ.எஸ்.ஓ. கோப்புகளை வைத்துக்கொள்ள இடம் தருகிறது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் அவசரமாக வெளியிட்ட மீட்புக் கருவியும் யு.எஸ்.பி.யிலிருந்து இயங்குவதுதான். ஆனால் வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டிய கணினிகளில் அந்த யு.எஸ்.பி. 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்டது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இந்தப் பூட்டு தானாகவே போடப்படுவதால், எண்ணைத் தாளில் எழுதிப் பென் டிரைவிலிருந்து தனியே வைப்பது இன்று அவசியம்.