கைநாட்டு முதல் கூகுள் வரை: "நீ யார்?" என்ற கேள்வியின் கதை

எந்த இணையச் செயலியைத் திறந்தாலும் முதலில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: நீ யார்? பயனர் பெயருக்கு ஒரு பெட்டி, கடவுச்சொல்லுக்கு ஒரு பெட்டி. அதற்குக் கீழே "கூகுள் மூலம் உள்நுழைக", "ஃபேஸ்புக் மூலம் உள்நுழைக" என்று இரண்டு பொத்தான்கள்.

இது கணினி வந்த பிறகு பிறந்த பிரச்சினை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி என்று விரியும் வானம் பார்த்த பூமியில் இந்தக் கேள்வி நூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. அதற்குப் பதில் சொன்னவர்கள்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் எப்போதும் மூன்று பேர் உண்டு. வாசலில் வந்து நிற்பவர் ஒருவர். உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் இன்னொருவர். "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்லும் மூன்றாமவர் ஒருவர். அந்த மூன்றாமவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பார்த்தால், இந்த வட்டாரத்தின் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி புரிந்துவிடும்.

பேட்டையும் உறவின்முறையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து கருப்பட்டி, கருவாடு, புகையிலை என்று சரக்கு ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டிகளில் வடக்கே வந்த நாடார் வியாபாரிகளுக்கு வழியில் கொள்ளை பயம் இருந்தது. அதனால் வண்டிகளையும் சரக்கையும் பத்திரமாக நிறுத்த, சுற்றுச்சுவரோ வேலியோ அடைத்த இடங்களை உண்டாக்கினார்கள். அவைதான் பேட்டைகள். அந்தப் பேட்டைகளைச் சுற்றி வளர்ந்த வணிக ஊர்களில் ஆறு ஊர்கள் பேர்பெற்றவை: சிவகாசி, விருதுநகர் (அன்று விருதுபட்டி), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை. கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

இந்த ஊர்களில் உறவின்முறை என்ற அமைப்பு இருந்தது. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக வாங்கிப் பொதுக் காரியங்களுக்குச் செலவு செய்தது. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா பள்ளிக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துக் கொடுத்த கதை, காமராஜர் அங்கே படித்தவர் என்பதால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அங்கே அடையாள அட்டை கிடையாது. இன்ன ஊர், இன்னார் மகன், இன்ன உறவின்முறை என்பதுதான் அடையாளம். சாட்சி சொல்கிற மூன்றாமவர் அவருடைய சொந்த ஜனமே. தப்பு செய்தால் விசாரிப்பதும் ஒதுக்கி வைப்பதும் அதே ஜனம்தான். வியாபாரிக்கு அவர்களிடம் உரிமையும் இருந்தது, பயமும் இருந்தது.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. உறவின்முறையின் சாட்சி அதன் வாசலோடு நின்றுவிடும். பேட்டைக்குள் மதிப்பாக நுழைந்த அதே மனிதர் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டார். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. கோயில் வாசல்கள் திறக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் செல்லும் அடையாளம் இன்னோர் இடத்தில் செல்லாது. சாட்சியை ஏற்பதும் மறுப்பதும் வாசலில் இருப்பவர் கையில் இருந்தது.

விரல் எப்படிச் சாட்சியானது?

அதே காலத்தில் வங்காளத்தில் வேறொரு வகைச் சாட்சி தயாராகிக்கொண்டிருந்தது. 1858-ல் ஜங்கிப்பூரில் வேலை பார்த்த வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக் கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். பிற்பாடு "இது என் கையெழுத்து இல்லை" என்று அவர் மறுக்கக் கூடாது என்பதே நோக்கம். 1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பென்ஷன் வாங்குபவர்கள், பத்திரம் பதிபவர்கள், கைதிகள் ஆகியோரின் ரேகையை அவர் பதிய வைத்தார். இறந்தவர் பெயரில் இன்னொருவர் பென்ஷன் வாங்குவதைத் தடுப்பது அதன் ஒரு பயன்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பென்ஷன்காரரின் ரேகையை அவருடைய பழைய ரேகையோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். "இன்னார்தான் நான்" என்று அவரே சொல்கிறார். அது சரியா என்று பார்க்கிறார்கள். ஆனால் யாருடைய ரேகை என்றே தெரியாத ஒன்றை லட்சக்கணக்கான ரேகைகளுக்குள் தேடுவது வேறு வேலை. அதற்கு வழி கண்டவர்கள் கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும். பத்து விரல் ரேகைகளையும் 1024 வகைகளாகப் பிரித்து அடுக்கும் முறை அது. 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது. 1901-ல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் அதை எடுத்துக்கொண்டது. பேர் மட்டும் ஹென்றிக்குப் போய்விட்டது!

ரேகைச் சட்டம்

இந்தப் புதிய சாட்சி தென் தமிழ்நாட்டுக்கு வந்த விதம் கொடுமையானது. வட இந்தியாவில் 1871-ல் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924-ல் மறுபடி தொகுக்கப்பட்டது. அரசாங்கம் ஒரு சாதியையோ கூட்டத்தையோ பெயர் குறிப்பிட்டு அறிவித்துவிட்டால் போதும், அதில் பிறந்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றலாம், ரேகை எடுக்கலாம். குறித்த நேரத்தில் வந்து ஆஜராக வேண்டும், ஊர் மாறினால் சொல்ல வேண்டும் என்று உத்தரவிடலாம். ரேகை கொடுக்க மறுப்பதே குற்றம். அந்த அறிவிப்பு செல்லுமா என்று கோர்ட்டில் கேட்கவும் வழியில்லை. சனங்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள்.

அதாவது, ஒருவர் எந்தக் குற்றமும் செய்வதற்கு முன்பே பதிவு தயார். ராத்திரியில் வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு வேண்டும். வீட்டில் படுக்காமல் ஸ்டேஷன் பக்கம் போய்ப் படுக்க வேண்டியிருந்தவர்களின் கதைகள் இன்னும் கிராமங்களில் சொல்லப்படுகின்றன.

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் உள்ள பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை கொடுக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்தை எதிர்த்து அந்த மக்களுக்காக வாதாடினார். அவரை அந்த மக்கள் "ரோசாப்பூ துரை" என்று அழைத்தார்கள்.

1920-களின் கடைசியில் இந்தச் சட்டம் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் ஆப்பநாட்டு மறவர் கிராமங்கள் மீதும் பாய்ந்தது. திருச்சுழிக்கு அந்தப்பக்கம் இருக்கும் பூமி அது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் ரேகை கொடுக்காதீர்கள் என்று பேசியதும், சட்டத்தை ரத்து செய்யக் கேட்டு நடந்த கூட்டங்களும் இந்த வட்டாரத்து அரசியலின் தொடக்கங்களில் ஒன்று. சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ரத்தானது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ல்தான் முடிவுக்கு வந்தது.

ஹெர்ஷலின் விரலுக்கும் இந்த விரலுக்கும் தொழில்நுட்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பென்ஷன்காரர் தன் பணத்தை வாங்க விரலை வைத்தார். ஆப்பநாட்டுக்காரர் வைக்க மறுத்தால் சிறை. சாட்சி சொல்பவர் அவருடைய ஜனமும் இல்லை. பதிவேடு போலீசிடம், அதைத் திறந்து பார்க்கவோ திருத்தவோ அவரால் முடியாது.

ஒரு சொட்டு மை

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே விரலில் உண்டு. 1962 பொதுத்தேர்தலில் மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனம் தயாரித்த அழியாத மை வாக்காளர்களின் இடதுகை ஆள்காட்டி விரலில் வைக்கப்பட்டது. (அந்தத் தேர்தலில் அருப்புக்கோட்டையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர் முத்துராமலிங்கத் தேவர்தான்.)

அந்த மை சொல்வது ஒரே விஷயம்: இந்த விரலுக்குரியவர் ஓட்டுப் போட்டுவிட்டார். பெயர் சொல்லாது, சாதி சொல்லாது, யாருக்குப் போட்டார் என்றும் சொல்லாது. கொஞ்ச நாளில் தானாகவே போய்விடும். தேவையான அளவுக்கு மட்டும் சாட்சி சொல்லும் ஏற்பாடு இது.

மறுபடி விரல்

2009-ல் ஆதார் ஆணையம் தொடங்கியது. 2010 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிராவின் தெம்ப்லி கிராமத்தில் முதல் எண் கொடுக்கப்பட்டது. 12 இலக்கம், பத்து விரல், இரண்டு கருவிழி. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020-ல் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது.

இதைக் கைரேகைச் சட்டத்தோடு ஒன்றாக்கிப் பேசுவது நியாயமில்லை. இது எல்லோருக்கும் பொதுவானது, அரிசி வாங்குவதற்கானது. ஆனால் ஒரு பழைய தொல்லை கூடவே வந்தது. கரிமூட்டம் போடுபவர், பனை ஏறுபவர், தறியிலும் சாயத்திலும் வேலை பார்ப்பவர், களை எடுப்பவர் ஆகியோரின் விரல்கள் வேலையில் தேய்ந்துவிடும். இயந்திரத்துக்கு ரேகை தெரியாது. கடைக்காரருக்கு அவரை இருபது வருஷமாகத் தெரியும். இயந்திரத்துக்கு மட்டும் தெரியவில்லை! அதனால்தான் ரேகை பதியாதவர்களுக்குப் பிற்பாடு கருவிழிப் பதிவும் சேர்க்கப்பட்டது.

2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், தனியார் கம்பெனிகள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்க வழிசெய்த பகுதியை நீக்கியது. வங்கிக் கணக்கு, சிம் கார்டு ஆகியவற்றுக்கு விருப்பப்பட்டால் மட்டும் கொடுக்கலாம் என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. 1911-ல் கோர்ட் கதவு மூடியிருந்தது. இப்போது அது திறந்திருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் அத்தனை பேர் போராடினார்கள்.

பொத்தானுக்குப் பின்னால்

இனி செயலிக்கு வரலாம். கணினியில் கடவுச்சொல் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டபோது வந்தது. 1962-லேயே ஓர் ஆராய்ச்சி மாணவர் எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சடித்து எடுத்துக்கொண்டார். கூடுதலாகக் கணினி நேரம் வேண்டும் என்பதுதான் காரணம்! பதிவேடு இருந்தால் அது ஒருநாள் வெளியே போகும் என்பதற்கு இது முதல் பாடம்.

பிறகு இணையத்தில் ஒவ்வொரு தளமும் தனித்தனிப் பதிவேடு வைத்தது. சில தளங்கள் நண்பர்கள் பட்டியலை எடுக்க மின்னஞ்சலின் கடவுச்சொல்லையே கேட்டன. வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பது போன்ற வேலை. இதைத் தவிர்க்கத்தான் 2005-ல் ஓப்பன்-ஐடியும், 2007-ல் ஓ-ஆத்தும் வந்தன. 2012-ல் ஓ-ஆத் 2.0, 2014-ல் ஓப்பன்-ஐடி கனெக்ட். இன்றைய பொத்தான்களில் பெரும்பாலானவை இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

நடப்பது இதுதான். செயலி பயனரைக் கூகுள் வாசலுக்கு அனுப்பும். பயனர் கடவுச்சொல்லைக் கூகுளிடம் மட்டும் கொடுப்பார். கூகுள் ஒரு தற்காலிகக் குறியீட்டைத் திருப்பி அனுப்பும். செயலியின் சர்வர் அதையும் தன் ரகசியச் சொல்லையும் காட்டி, கூகுள் கையொப்பமிட்ட ஒரு சீட்டை வாங்கிக்கொள்ளும். அந்தக் கையொப்பம் சரியா, சீட்டு தனக்கென்று எழுதியதா, காலாவதியாகவில்லையா என்று செயலி பார்த்துக்கொள்ள வேண்டும். உறவின்முறை சொன்ன "இவரை எனக்குத் தெரியும்" என்ற அதே வாக்குமூலம்தான் அந்தச் சீட்டில் இருக்கிறது.

சாட்சி சொல்பவர் மட்டும் இப்போது ஒரு கம்பெனி. 2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் வெளியே வந்தது. ஃபேஸ்புக் கணக்கோடு ஒரு வினாடி-வினா செயலியில் நுழைந்தவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர். போன தகவல்கள் 8.7 கோடி பேருடையவையாக இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. நுழைந்தவர்களின் நண்பர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, கேட்காமலே அவர்களும் பதிவேட்டில் ஏறிவிட்டார்கள்.

செயலி எழுதுபவர்கள் இந்த வட்டாரத்து வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. பெயரும் மின்னஞ்சலும் போதுமானால் நண்பர்கள் பட்டியலைக் கேட்கக் கூடாது. அந்த ஒரு சொட்டு மை போல, தேவையானது மட்டும். ஒரே பொத்தானை வைத்து மற்ற வழியை அடைக்கக் கூடாது. கூகுள் கணக்கு முடங்கியவர் தேய்ந்த விரலோடு ரேஷன் கடையில் நிற்பவரைப் போலத்தான். அவருக்கு மின்னஞ்சலோ ஓ.டி.பி.யோ இன்னொரு வழி வேண்டும். கணக்கை அழிக்க நினைப்பவருக்கு அழிக்கும் பொத்தானும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். தன் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்க ஆப்பநாட்டு மக்கள் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. ஒரு செயலியில் அதற்கு ஒரு பொத்தான் போதும். அதை வைக்காதவர்கள் எந்தக் காரணத்தைச் சொல்வார்கள்?