ஜங்காடா

பிரேசிலின் வடகிழக்குக் கரையில், குறிப்பாகச் சியாரா மாநிலத்தில், மீனவர்கள் கட்டிப் பாய்விரித்து ஓட்டும் மிதவைக் கலம். கட்டைகளைச் சேர்த்துச் செய்வதில் நம் கட்டுமரத்துக்கு உறவு சொல்லத்தக்கது. பெயர் நம் பக்கத்திலிருந்து போனது. மலையாளக் கரையில் சங்ஙாடம் என்று வழங்கியதைப் போர்ச்சுக்கீசியர் கொண்டுபோய் அங்கே கண்ட மிதவைக்கு வைத்துவிட்டார்கள். கலம் அந்த மண்ணின் பழங்குடிகளுடையது.

1500இல் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் பிரேசில் கரையைத் தொட்டபோது உடன் வந்த எழுத்தர் பெரோ வாஸ் டி கமின்யா, தம் அரசருக்கு எழுதிய கடிதத்தில் இவ்வகை மிதவையைக் குறிப்பிடுகிறார். மூன்று கட்டைகளை ஒன்றாகப் பிணைத்திருந்தார்கள், நாலைந்து பேர் ஏறினார்கள், கால் தரையில் பாவும் ஆழத்துக்கு அப்பால் போகவில்லை என்கிறது அக்குறிப்பு. பாய் சேர்ந்தது ஐரோப்பியர் வருகைக்குப் பிறகு. அதன்பின் கரை கண்ணுக்கு மறையும் தொலைவுக்கும் ஜங்காடா தொழிலுக்குப் போகத் தொடங்கியது.

பழைய ஜங்காடாவுக்கு ஆறு கட்டைகள்: நடுவில் இரண்டு, அவற்றை ஒட்டி இரண்டு, ஓரத்தில் இரண்டு. பியூபா என்னும் எடை குறைந்த மரம்தான் இதற்கு உகந்தது. இரும்பாணி கிடையாது. கடின மர முளைகளைக் குறுக்கே அடித்துக் கோப்பார்கள். பாய்மரத்தின் அடி பொருந்தும் பலகையில் பல குழிகள் இருக்கும். காற்றின் போக்குக்குத் தக்கபடி அடியைக் குழி மாற்றி ஊன்றினால் பாய்மரத்தின் சாய்வு மாறும். நடுக்கட்டைகளின் இடுக்கு வழியே நீருக்குள் இறக்கும் பலகை, கலம் பக்கவாட்டில் ஒதுங்காமல் பிடித்துக்கொள்ளும். முக்கோணப் பருத்திப் பாய் உலர்ந்தால் இழைகளின் வழியே காற்று நழுவிவிடும் என்பதால் கடல்நீரை வாரி இறைத்து அதை நனைத்துக்கொண்டே போவார்கள். மரச்சட்டத்தில் இறுக்கிய கல்தான் நங்கூரம். காசு கொடுத்து வாங்கும் பொருள் இவ்வளவு குறைவாக உள்ள ஒரு கலம் ஆழ்கடலில் நிற்பது, அதைக் கட்டியவர்களின் அறிவுக்குச் சான்று.

அந்தக் கலத்தின் மேல் நின்றுதான் அவர்கள் நாட்டிடம் நியாயமும் கேட்டார்கள். சியாராவின் ஃபோர்ட்டலேசா நகருக்கு அன்று ஆழமான துறைமுகம் இல்லை. கப்பல்கள் எட்டத்தில் நிற்கும். சரக்கையும் ஆளையும் ஜங்காடாக்களே கொண்டுபோய் ஏற்றும். 1877 முதல் 1879 வரை நீடித்த கொடும் பஞ்சத்தில் நொடித்த உடைமையாளர்கள், தம் அடிமைகளைத் தெற்கின் காப்பித் தோட்டங்களுக்கு விற்றார்கள். 1881 ஜனவரியில், இனி ஓர் அடிமையையும் ஏற்றமாட்டோம் என்று ஜங்காடாக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அவ்வாண்டின் போராட்டத்தில் முன்னின்ற பிரான்சிஸ்கோ ஜோசே டோ நாசிமெந்தோ, துறைமுக வேலையை இழந்தார். மக்கள் அவரைக் ‘கடல் டிராகன்’ என்று அழைத்தார்கள். 1884 மார்ச் 25 அன்று சியாரா அடிமை முறையை ஒழித்தது. நாடு முழுதும் அது ஒழிய 1888 ஆயிற்று.

அடுத்த முறை கேட்டது தங்களுக்காக. பிடித்த மீனில் பாதி கலத்தின் உடைமையாளருக்குப் போய்விடும். மீதியை ஏறிப் போனவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். கடலில் மாண்டால் குடும்பத்துக்கு ஆதரவு கிடையாது. 1941 செப்டம்பரில், ஜக்காரே என அழைக்கப்பட்ட மானுவல் ஒலிம்பியோ மெய்ராவும் மூன்று தோழர்களும் ‘சாவோ பெத்ரோ’ என்ற ஜங்காடாவில் ஃபோர்ட்டலேசாவிலிருந்து புறப்பட்டார்கள். திசைகாட்டி இல்லை. ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் கடந்து, 61 நாளில் அன்றைய தலைநகர் ரியோ டி ஜெனீரோவை அடைந்து, அதிபர் கெத்துலியோ வர்கஸை நேரில் கண்டார்கள். மீனவரையும் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கும் ஆணை பிறந்தது. ஆணை வந்த வேகத்தில் பணம் வரவில்லை.

இச்செய்தியைப் படித்த இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் படமெடுக்கப் பிரேசில் வந்தார். 1942 மே 19 அன்று, அந்த நால்வரும் ரியோவுக்கு வந்துசேர்ந்ததை மீண்டும் நடிக்கவைத்துப் படமாக்குகையில் ஜங்காடா கவிழ்ந்து ஜக்காரே கடலில் மறைந்தார். வெல்ஸ் சிறு குழுவுடன் ஃபோர்ட்டலேசா சென்று, அங்குள்ள முக்குரிப்பே கடற்கரை மீனவர்களையே நடிக்கவைத்துப் படத்தைத் தொடர்ந்தார். ஆனால் படம் நிறைவேறவில்லை. மிஞ்சிய சுருள்களைக் கொண்டு 1993இல் ஓர் ஆவணப்படம் வெளியானது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பியூபா மரம் அரிதாயிற்று. பலகைகளால் உள்ளீடற்ற பெட்டிபோல் செய்து, பழைய வடிவம் மாறாத ஜங்காடாக்கள் வந்தன; இன்று கடலில் காண்பவை பெரும்பாலும் இவையே. விசைப்படகுகளோடும், கடற்கரை நிலத்தை வளைப்பவர்களோடும் போட்டியிட்டு இவை நிலைத்திருக்கின்றன.

நேரில் பார்க்க விரும்புவோர்க்குச் சியாரா கரையிலுள்ள பிரைன்யா டோ கான்டோ வெர்டே நல்ல இடம். நிலத்தைக் காக்க நெடுங்காலம் போராடிய இச்சிற்றூரிலிருந்து 1993இல் மீண்டும் ஒரு ஜங்காடா முறையிடுவதற்காக ரியோ வரை சென்றது. 2009இல் இவ்வூரின் நிலமும் கடலும் சேர்ந்து மீனவரின் பயன்பாட்டுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டன. வருவோர் தங்குவதற்கு ஊரார் தாங்களே ஏற்பாடு செய்கிறார்கள். மீன்பாடு முடிந்து திரும்பும் கலத்தை உருளைக் கட்டைகளின் மேல் தள்ளி மணலில் ஏற்றுவதையும், அக்கம்பக்கத்து ஊர்க் கலங்கள் கூடும் ஜங்காடாப் பந்தயத்தையும் இங்கே காணலாம்.