கம்புக்குப் போட்ட குறி

மலர்க் குழுவிலிருந்து பேசிய நண்பர், "விடுதிக் கலாட்டாவைத்தான் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். நீங்கள் படித்த படிப்பைப் பற்றி எழுதுங்கள், ஆனால் படிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்றார். கடைசி நிபந்தனைதான் கஷ்டம். ஆனாலும் ஐம்பது வருஷமாக நெஞ்சில் கிடக்கும் ஒரு கடனை இறக்கி வைக்க இதுவே தருணம் என்று ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் 1969ல் கோவையில் வேளாண் படிப்பில் சேர்ந்தவர்கள். 1971 ஜூனில் நம் கல்லூரி பல்கலைக்கழகமானது. அதே 1971ல் வடநாட்டில் கம்பு மாநாசம் ஆனது. முதல் செய்தி எங்களுக்குத் தெரியும். இரண்டாவதை யாரும் கொண்டாட்டத்தில் கவனிக்கவில்லை. 1970-71ல் நாட்டின் கம்பு விளைச்சல் சுமார் 80 லட்சம் டன். மறு ஆண்டில் சுமார் 53 லட்சம் டன். மழையும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் அடிச்சாம்பல் நோய்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்பில் சூல்முடி முதலில் வெளிவரும், மகரந்தம் பிறகுதான் வரும். அதனால் அது இயற்கையாகவே அடுத்த செடியின் மகரந்தத்தை ஏற்கும் பயிர். 1923ல் தொடங்கிய நம் கோவை சிறுதானிய நிலையத்தார் இதைப் பயன்படுத்தி, இரண்டு வகைகளைக் கலந்து விதைத்து, தானாக ஒட்டுச் சேர்ந்த விதையை 'எக்ஸ்' வரிசை ஒட்டுகள் என்று 1950களிலேயே கொடுத்தார்கள். அதில் பாதி ஒட்டு, பாதி ஒட்டில்லாதது. முழு ஒட்டு விதை வேண்டுமானால் தாய்ச்செடியில் மகரந்தமே இருக்கக்கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்பவர் அப்படிப்பட்ட ஆண்மலட்டுத் தாயை உருவாக்கினார். பெயர் டிஃப்ட் 23ஏ. அதை வைத்து லூதியானாவில் தில்பாக் சிங் அத்வால் 1965ல் எச்.பி. 1 வீரிய ஒட்டுக் கம்பைக் கொடுத்தார். பின்னாலேயே எச்.பி. 2, 3, 4, 5. தகப்பன் வேறு வேறு. தாய் மட்டும் எல்லாவற்றுக்கும் அந்த டிஃப்ட் 23ஏ ஒன்றேதான்! நோய்க்கு ஒரு சாவி கிடைத்ததும் ஐந்து பூட்டும் திறந்துகொண்டன.

இதெல்லாம் வகுப்பில் அரைகுறையாகக் கேட்டவன்தான் நான். 1973ல் படிப்பு முடித்த கையோடு கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊரில் என் தாய்மாமாவிடம் போய், "எச்.பி. 3 போடுங்க மாமா, இரண்டு பங்கு விளையும்" என்றேன். வடக்கே நோய் என்று அதற்குள் காதில் விழுந்திருந்தது. கரிசல் காட்டு வெயிலுக்கு அது வராது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மாமா தலைமுறையாகக் காத்துவந்த நாட்டுக்கம்பு, வேப்பிலையும் சாம்பலும் போட்டு மண்பானையில் இருந்தது. புது விதைதான் வந்துவிட்டதே என்று அதையும் அந்த வருஷம் இடித்துக் கூழாக்கிவிட்டார்கள்.

விதைத்த பதினைந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இலை வெளுத்தது. காலையில் இலையின் அடியில் பார்த்தால் வெள்ளைப் பொடி. பால் பிடிக்க வேண்டிய கதிர், பூ இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் பச்சைப் பச்சையாக இலை விட்டு நின்றது. பசுங்கதிர் என்று பாடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மாமா கோபப்படவில்லை. ஒரு கதிரை ஒடித்து என் கையில் கொடுத்து, "மருமகனே, கதிரு வரும்னு சொன்னே, புல்லுல்ல முளைச்சிருக்கு?" என்றார். அடுத்த வருஷம் விதைக்குப் பக்கத்து ஊரில் கடன் வாங்கினார்.

அதன் பின் வந்த ஒட்டுகளும் இதே பாதையில்தான் போயின. வேறு தாயை வைத்து வந்த பி.ஜே. 104 சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்து 1980களின் நடுவில் நோயில் விழுந்தது. விழுந்தால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு ஒட்டு தேடுவது, இதுவே வழக்கமாகிவிட்டது. விழும் முன்பே பெற்றோரைச் செப்பனிட முடியாதா என்ற கேள்வி எல்லோருக்கும் இருந்தது. முடியும், ஆனால் நேரமாகும். நோய் தாங்கும் ஒரு வகையோடு சேர்த்து, பழைய பெற்றோரோடு திரும்பத் திரும்ப ஒட்டுப்போட வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் எந்தச் செடியில் எதிர்ப்புக்குணம் இருக்கிறது என்று பார்க்க நாற்றின் மேல் நோய்வித்துகளைத் தெளித்து, சூடும் ஈரமும் பார்த்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும். ஒரு நாள் ஈரம் குறைந்தால் நோஞ்சான் செடியும் பலசாலி போல நிற்கும்.

இங்கேதான் மரபுக்குறி வந்தது. நம் ஊரில் வழி கேட்டால் கதவு எண்ணா சொல்கிறோம்? "புளியமரத்துக்கு அடுத்த வீடு" என்போம். எதிர்ப்புக்குணம் தரும் மரபணு அந்த வீடு. அது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் உள்ள டி.என்.ஏ. துண்டு புளியமரம், அதை ஆய்வகத்தில் பார்த்துவிடலாம். சில சமயம் மரம் ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். அதனால் வீட்டின் இருபுறமும் ஒவ்வொரு மரம் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். நாற்றாக இருக்கும்போதே ஓர் இலைத்துண்டு போதும். பூக்கும் முன்பே எதை ஒட்டுக்கு எடுப்பது என்று தெரிந்துவிடும்.

கம்பின் 7 ஜோடி குரோமோசோம்களுக்கு இப்படி மரங்களைக் குறித்த முதல் வரைபடத்தை இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் மைக் கேல் குழுவினர் 1994ல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே வேல்ஸ் நாட்டு பாங்கரைச் சேர்ந்த விட்கோம்ப், பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனத்தின் டாம் ஹாஷ் ஆகியோரும் சேர்ந்து, அடிச்சாம்பலைத் தாங்கும் இடங்கள் எவை என்று காட்டினார்கள். 1998ல் ஒரு பயிற்சிக்காகப் பட்டான்செரு போயிருந்தேன். இருட்டறையிலிருந்து கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்த படச்சுருள், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரி கறுப்புக் கோடுகளோடு இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதைப் பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன். பக்கத்துக் கண்ணாடிக் கூடத்தில் வெளுத்து நின்ற நாற்று மட்டும் நன்றாகப் புரிந்தது.

அவர்கள் கையில் எடுத்தது எச்.எச்.பி. 67. ஹிசார் பல்கலைக்கழகம் 1990ல் வெளியிட்ட ஒட்டு. சுமார் 65 நாளுக்குள் அறுவடை. ஹரியானா, ராஜஸ்தான் மணல்காட்டில் மழை சீக்கிரம் முகம் திருப்பிக்கொண்டாலும் வீட்டுக்குக் கொஞ்சம் தானியம் வரும். அதற்காகவே ஏழைகள் அதை விடவில்லை. அதிலும் நோய் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. தகப்பனான எச் 77/833-2 வரிசைக்கு, ஐ.சி.எம்.பி. 451 என்ற வகையிலிருந்து எதிர்ப்புக்குணத்தை மரபுக்குறி பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். தாயான 843ஏ வரிசைக்கோ பழைய முறையில், நாற்றில் நோய் தெளித்துச் சோதித்தே, ஐ.சி.எம்.எல். 22 என்ற வகையிலிருந்து ஏற்றினார்கள். ஆக, தகப்பன் புது வைத்தியம், தாய் பாட்டி வைத்தியம். குறிகளே எல்லாம் செய்துவிட்டன என்று இப்போது மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை; தினமும் காலையில் நாற்றங்காலில் குனிந்து எண்ணியவர்கள் இருக்கிறார்கள்.

2005ல் 'எச்.எச்.பி. 67 இம்ப்ரூவ்டு' வெளியானது. நம் நாட்டில் பொதுத்துறையிலிருந்து மரபுக்குறியின் துணையோடு வயலுக்கு வந்த முதல் ஒட்டுகளில் இது ஒன்று. பழையதன் குறுகிய வயதும் போகவில்லை. விழுந்தபின் மாற்றாமல், விழும் முன்பே தாங்கிப் பிடித்த ஒட்டு. நோயும் சும்மா இருக்குமா? அதற்கும் அடுத்த வடிவம் 2021ல் வந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. 2017ல் கம்பின் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய 179 கோடி எழுத்துகள், 38,000க்கு மேல் மரபணுக்கள். படிப்பதற்கு எடுத்துக்கொண்ட வரிசை டிஃப்ட் 23 குடும்பத்தின் குட்டை வாரிசு! எங்கள் மாமா காட்டில் புல்லாய் நின்ற அதே தாய்வழி.

எச்.எச்.பி. 67 சேதியைப் பத்திரிகையில் படித்த அன்று மாமா உயிரோடு இல்லை. ஊருக்குப் போனபோது அத்தையிடம் சொன்னேன். வடக்கே இப்படிக் கம்பைச் செப்பனிட்டுவிட்டார்கள், இனிமேல் அந்த நோய்க்குப் பயப்பட வேண்டாம் என்று நீட்டி விளக்கினேன். அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அது சரிய்யா. அந்தப் பானையில இருந்த நம்ம பழைய கம்பு இப்ப எங்ஙன கெடைக்கும்?"