நன்றியுரை சொல்லும் வரலாறு: கிண்டி முதல் வேங்கிக்கால் வரை எக்ஸ்-கதிர்க் கருவி

படிகவியல் கட்டுரையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கடைசியில் வரும் நன்றியுரையைப் பார்ப்பதில்லை. ஒரு கருவி யாருக்கெல்லாம் பயன்பட்டது என்பதை அறிய அதைவிட நல்ல சான்று கிடையாது. 2001இல் தொடங்கிய ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஈ’ இதழில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வந்த கட்டுரைகளைப் புரட்டினால் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, சென்னை ஐஐடியின் ‘சைஃப்’ கருவி மையம். மற்றொன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலுள்ள படிகவியல், உயிர் இயற்பியல் துறை. படிகத்தை வளர்த்தவர் ஓர் ஊரில் இருக்க, அதை அளந்த கருவி வேறோர் ஊரில் இருந்திருக்கிறது.

தொடக்கத்தில் இந்தத் தொலைவு இல்லை. 1952இல் ஜி. என். ராமச்சந்திரன் பெங்களூரிலிருந்து வந்து சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானபோது அவருக்கு வயது முப்பதுதான். துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியாரின் ஆதரவுடன் கிண்டியில் எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் உருவானது. அக்காலத்தில் சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட, ராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். கங்காரு வாலின் தசைநாணிலிருந்து கிடைத்த இழைகளைக் கதிர்முன் நிறுத்திப் படலத்தில் பதிவுசெய்த விளிம்பு விளைவுப் படங்கள் அவருக்கும் கோபிநாத் கர்த்தாவுக்கும் துணைநின்றன. முச்சுருள் அமைப்பை அவ்விருவரும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தனர். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினர். படம் எடுத்தவரும் அதைப் பொருள்கொண்டவரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள் என்பதே இதில் என்னை ஈர்ப்பது. மங்கலான புள்ளி ஒன்றில் ஐயம் எழுந்தால் மாதிரியைத் திருப்பி வைத்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம். கருவியைப் பகிர்வது அன்று மேசையைப் பகிர்வதாகவே இருந்தது.

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது விலை. படலத்தின் இடத்தைத் தானியங்கி அளவிகள் பிடித்தபோது, ஒரு துறையோ கல்லூரியோ தனியே வாங்கக்கூடியதாக அந்தக் கருவி இல்லை. 1970களில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை வட்டாரக் கருவி மையங்களை உருவாக்கியது. சென்னை ஐஐடியில் அமைந்த மையம் அவற்றுள் ஒன்று. பின்னாளில் ‘சைஃப்’ ஆனதும் அதுவே. கட்டணம் செலுத்தினால் வெளியாரின் மாதிரியும் அளக்கப்படும். ஆனால் அன்றைய அளவி எதிரொளிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் எண்ணும். ஒரு படிகத்துக்கே பல நாள் பிடிக்கும். நூற்றுக்கணக்கான எதிரொளிப்புகளை ஒரே நேரத்தில் பதியும் பரப்பு உணரிகள் வந்ததும் அந்த வேலை சில மணி நேரமாகச் சுருங்கியது. ஒரே கருவி ஒரு மாநிலத்துக்கே ஈடுகொடுக்க முடிந்ததற்கு, அரசின் கொள்கையைவிட உணரியின் இந்த வேகமே முதற்காரணம் என்று கருதுகிறேன். 2001க்குப் பிறகு கல்லூரிகளிலிருந்து கட்டுரைகள் பெருகியதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி, படிகத்தை வெளியூருக்கு அனுப்பி அளக்க வேண்டிய ஊர்களில் ஒன்றான திருவண்ணாமலைக்கு வருவோம். இங்கே அரசு கலைக் கல்லூரி 1966இல் தொடங்கியது. 1989இல் தனி மாவட்டம் பிறந்தது. அதன் ஆட்சியரகம் வேங்கிக்காலில் இருக்கிறது. 2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவாக, அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த இப்பகுதிக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. பல்கலைக்கழகம் மாறியும் ஒற்றைப் படிகத்தை அளக்கப் போகும் வழி பழையபடி சென்னைக்கே, ஏறத்தாழ 190 கிலோமீட்டர்.

படிக வளர்ப்புக்குப் பெருஞ்செலவு வேண்டாம். தெவிட்டிய கரைசலை வடிகட்டி, துளையிட்ட தாளால் பீக்கரை மூடி, ஆட்டம் அசைவில்லாத இடத்தில் வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் போதும். சிறு ஊர்க் கல்லூரிகளிலும் இந்த ஆய்வு வேர்பிடித்தது அதனால்தான். அளவிக்குத் தேவைப்படும் படிகமும் அரை மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. அதை அனுப்புவதில்தான் சிக்கல். ஈரத்தை உறிஞ்சும் படிகம் வழியிலேயே கலங்கும். படிகநீரை இழக்கும் படிகம் மாவாகும். நல்ல நிலையில் போய்ச் சேர்ந்தாலும் மாணவருக்குத் திரும்பி வருவது ஒரு கணினிக் கோப்பு மட்டுமே. துருவமுறு நுண்ணோக்கியில் படிகத்தைத் திருப்பி, அது ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத் தேர்வதையும், ஊசிமுனையில் ஒட்டிக் கதிரின் மையத்தில் நிறுத்துவதையும் அந்தக் கோப்பு கற்றுத் தராது. கிண்டியில் 1950களின் மாணவருக்கு இயல்பாக வாய்த்தது, வேகமான உணரியின் காலத்தில் மாவட்ட மாணவருக்கு எட்டாமல் போகிறது. இந்த இழப்பு எந்த நன்றியுரையிலும் பதிவாவதில்லை.

நாட்டின் ஆய்வுக் கருவிகளை ஒரே இடத்தில் பட்டியலிட்டு நேரம் பதிவுசெய்ய ‘ஐ-ஸ்டெம்’ இணையதளம் 2020இல் தொடங்கப்பட்டது. கருவி எங்கே இருக்கிறது என்று தேடும் அலைச்சலை அது குறைக்கும். அத்துடன், மாதிரியை அனுப்பும் மாணவர் அளவீடு நடக்கும் நாளில் கருவியருகே இருப்பதும், அதற்கான பயணப்படியும் பதிவின் பகுதியாகவே ஆக வேண்டும். திருவண்ணாமலையில் இரவுப் பேருந்து ஏறினால் விடிவதற்குள் சென்னை வந்துவிடும். மாணவருக்கு வேண்டியது அனுமதிக் கடிதமும் பேருந்துக் கட்டணமும்தான்.