நீலகிரி மாவட்டம்: ஆட்சியும் குடிகளும்

தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடுமிடத்தில் அமைந்த மலை மாவட்டம் நீலகிரி. தலைமையிடம் உதகமண்டலம், பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். இன்று தனித்து நிற்கும் இந்த மாவட்டம், ஆங்கிலேயர் ஆட்சியின் முதல் எழுபது ஆண்டுகளில் கோவைக்கும் மலபாருக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருந்தது. அதன் எல்லைகளை வகுத்தது மலையின் அமைப்பு மட்டுமல்ல. அதிகாரிகளின் பிணக்குகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

மலைமக்கள் தங்கள் நிலத்தை நாடுகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். தொதநாடு, மேக்குநாடு, பொரங்காடு, குந்தெ என்ற நான்கும் இன்றும் படகர் ஊர்களில் வழங்கும் பெயர்கள். படகர்கள் மைசூர்ச் சீமையிலிருந்து வந்து குடியேறிய உழவர்கள். எருமை மேய்த்த தோடர், கொல்லும் குயவும் தச்சும் இசையும் அறிந்த கோத்தர், சரிவுக் காடுகளில் வாழ்ந்த குறும்பர், இருளர் ஆகியோரோடு அவர்கள் தானியத்தையும் பண்டங்களையும் மாற்றிக்கொண்டு வாழ்ந்தனர். வரி மட்டும் கீழே இறங்கிப் போயிற்று: முதலில் உம்மத்தூர்த் தலைவர்களுக்கு, பின்னர் மைசூருக்கு. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கோவைச் சீமையோடு மலையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. கணக்கில் அது தண்ணாயக்கன்கோட்டையைச் சேர்ந்த ஓர் ஒதுக்குப்புறம். அந்தக் கோட்டையூர் இப்போது பவானிசாகர் நீருக்கடியில் இருக்கிறது.

1812இல் வில்லியம் கீஸ் என்ற நிலஅளவையாளர் மலையேறி அறிக்கை தந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே போன பிறகுதான் நிலைமை மாறியது. அவர் உதகையில் வீடு கட்டினார், ஏரி வெட்டுவித்தார், ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். நிலம் தோடருடையது, அதை எடுத்தால் ஈடு தர வேண்டும் என்றும் வாதிட்டார். சென்னை கவர்னர் லஷிங்டனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1830இல் மலையின் பெரும்பகுதி மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 1843இல் மீண்டும் கோவைக்கே திரும்பியது. மனு கொடுக்கவும் வழக்காடவும் எந்தச் சமவெளிக்கு இறங்குவது என்பது அந்த ஆண்டுகளில் குடியானவருக்குச் சிறிய கேள்வியாக இருந்திருக்காது.

1868இல் மலை கோவையிலிருந்து பிரிக்கப்பட்டு கமிஷனர் ஒருவரின் கீழ் வந்தது. முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். வரி வசூல், மாஜிஸ்திரேட் வேலை, நீதி எல்லாம் அவர் ஒருவர் கையில். அதற்கிடையே பழைய கல்லறைக் குவியல்களைத் தோண்டிப் பார்க்கவும் அவருக்கு நேரம் கிடைத்தது. பழங்குடிகளையும் தொல்சின்னங்களையும் பற்றி அவர் எழுதிய நூல், 1872இல் அவர் இறந்த பின் மறு ஆண்டு வெளியானது. 1873இல் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கும், 1877இல் தென்கிழக்கு வயநாடும், அதாவது இன்றைய கூடலூர், பந்தலூர்ப் பக்கமும், மாவட்டத்தில் இணைந்தன. 1882இல் கமிஷனர் பதவி கலெக்டர் பதவியானது.

மக்கள்தொகைக் கணக்கைப் படிக்கும்போது இந்த இணைப்பை மறந்துவிடக் கூடாது. 1871இல் ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த தொகை 1881இல் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. பத்தே ஆண்டில் மலை நிரம்பிவிட்டது என்று மலைக்க வேண்டியதில்லை. கூடலூர் மக்கள் கணக்கில் ஏறியதும் அதற்குக் காரணம். மற்றொரு காரணம் காபி, தேயிலை, சின்கோனா தோட்டங்கள். கூலி வேலைக்குச் சமவெளித் தமிழரும் மைசூர்ப் பக்கத்தாரும் வந்து சேர்ந்தனர். 1901இல் தொகை ஒரு லட்சத்தைக் கடந்திருந்தது. அப்போது படகர்கள் ஏறத்தாழ 34,000 பேர். தோடர்கள் எண்ணூறை ஒட்டி. நிலம் யாருடையது என்று சல்லிவன் வாதிட்டாரோ, அவர்களே எண்ணிக்கையில் மிகச் சிறிய குடிகளுள் ஒன்றாக இருந்தார்கள்.

கூடலூர் தன்னோடு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. அங்கே நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம உரிமை, அதாவது பரம்பரை நில உடைமை, நிலவியது. 1969இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டும் வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள் குடியமர்ந்த இடங்களில் கூடலூரும் பந்தலூரும் கோத்தகிரியும் உண்டு. அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் விரிவாக்கப்பட்டன.

இப்போது உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்கள் உள்ளன. மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகரவாசிகளாகக் கணக்கிடப்படுகிறார்கள். 2001இல் 7,62,141 ஆக இருந்த மக்கள்தொகை 2011இல் 7,35,394 ஆகக் குறைந்தது.