பட்டியலும் மனிதரும்

ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குவதும், ஒரு பெயர் பல பொருளைக் குறிப்பதும் மொழிக்குப் புதியன அல்ல. நம் முன்னோர் இதற்காகவே நிகண்டுகள் இயற்றினர். ஆனால், பெயர் மயக்கத்தால் ஒரு குடும்பம் தனக்குரிய கூரையையே இழக்கக்கூடும் என்பதை இலங்கையின் கிழக்குக் கரை நமக்குக் கற்பித்திருக்கிறது.

திருகோணமலை மாவட்டத்தின் தெற்கெல்லையில், வெருகலாற்றை அடுத்துள்ளது ஈச்சிலம்பற்று. ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஈச்சிலம்பத்தை என்பாரும் உளர். பிரதேசப் பிரிவு வெருகல் என்றும் குறிக்கப்படுகிறது. ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தால் ஆளுக்கொரு வடிவம். ஊராருக்கு இதில் மயக்கம் இல்லை. கணினிக்கோ இவை அனைத்தும் வெவ்வேறு ஊர்கள்!

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அலை வடிந்ததும் பட்டியல்கள் பெருகின. கிராம அலுவலர் ஒன்று எழுதினார். முகாம் ஒன்று எழுதியது. உதவ வந்த ஸ்தாபனம் ஒவ்வொன்றும் தன் போக்கில் எழுதியது. இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகத் திரண்டு, 'சஹானா' என்னும் மென்பொருளைச் சில வாரங்களில் ஆக்கினர். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், ஸ்தாபனங்கள், தேவைகள் ஆகிய யாவும் அதில் ஒருங்கே பதியப்பட்டன. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. யாரும் விலையின்றிப் பெறலாம் என்று அதனை உலகுக்கு அளித்தது போற்றத்தக்க செயல்.

ஆயினும், பெட்டகம் ஒன்றானால் பொருளும் ஒன்றாகிவிடுமா? ஒவ்வொரு பட்டியலுக்கும் பின்னால் ஒரு வகுப்புத் திட்டம் நிற்கிறது. எது குடும்பம், எது வீடு, யார் அகதி என்று அது வரையறுக்கிறது. கணினி விஞ்ஞானிகள் இதனை 'ஒன்டாலஜி' என்பர். இரு திட்டங்களை இணைக்க, சொல்லின் வடிவையும், வகுப்பில் அதன் இடத்தையும், அதன்கீழ் வரும் ஆட்களையும் ஒப்பிடுவார்கள். முகாமில் இருப்போரும் இடம்பெயர்ந்தோரும் ஒன்றெனக் கொண்டால், உறவினர் வீட்டில் ஒதுங்கியவர் கணக்கினின்று மறைந்துவிடுவார். முன்னது பின்னதன் ஒரு பகுதியே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. முழுச் சேதமடைந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாயும் பகுதிச் சேதத்துக்கு 1,00,000 ரூபாயும் என்று அரசாங்கம் வகுத்தது. ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையே 1,50,000 ரூபாய்! படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. வெருகலாற்றுக்குத் தெற்கே, மட்டக்களப்புப் பகுதியில், வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது நெடுநாளைய வழக்கு. அந்தக் கட்டத்தில் கணவனின் பெயர் ஏறியபோது, தலைவனும் உடைமையாளனும் ஒருவனே ஆயினர். வீட்டுக்குரிய பெண் காணாமற் போனாள். இந்தப் பிழையைச் செய்தது யந்திரம் அன்று. படிவத்தை வகுத்தவரின் மனம்.

மேலும், வாழ்வு ஓரிடத்தில் நிற்பதில்லை. 2006இல் போர் மீண்டும் மூண்டபோது ஈச்சிலம்பற்று மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புக்கும் ஓடினர். 2007இல் திரும்பினர். அலையால் 'பாதிக்கப்பட்டோர்' போரால் 'இடம்பெயர்ந்தோர்' ஆகி, பிறகு 'மீளக் குடியமர்ந்தோர்' ஆயினர். மனிதர் அவரே, பெயர் மட்டும் மாறியது. நேற்றுப் பொருத்திய பட்டியல் இன்று பொருந்தாது. பொருத்தம் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று; ஓயாத வேலை.

2005இல் அமெரிக்காவில் கத்ரீனாப் புயலுக்குப் பின், காணாமற்போனோர் பற்றிய தகவலைப் பரிமாறப் பொதுவான முறை ஒன்று வகுக்கப்பட்டது. ஒவ்வொரு குறிப்பும் எங்கிருந்து வந்தது என்பதை அது அழிப்பதில்லை. ஒரே ஆளைப் பற்றிய இரு குறிப்புகளை ஒன்றாக உருக்காமல், இணைத்து மட்டும் காட்ட அதில் வழியுண்டு. இதில் ஓர் அறம் இருக்கிறது: வேற்றுமையை விழுங்காமலே ஒற்றுமை காணலாம்.

எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் ஈடு என்று தீர்ப்பவர் கையில் சோறும் கூரையும் இருக்கின்றன. எனவே அந்தத் தீர்ப்பு நிபுணர்களின் அறைக்குள் அடைபடலாகாது. பட்டியலில் ஏறும் மனிதர் தம்மைப் பற்றிய குறிப்பைத் தம் மொழியில் படிக்கவும், 'இது நான் அல்ல' என்று மறுக்கவும் உரிமை பெறவேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில், கணினி எத்துணை விரைந்து இயங்கினும், அநீதியே விரைவு பெறும்.