கார் என்னும் கெடு

சங்கக் கவிதை பற்றி எழுத உட்காரும் நம்மவர்கள் நிலத்தைப் பற்றியே எழுதி முடித்துவிடுகிறார்கள். 1967இல் ஏ. கே. ராமானுஜனின் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வந்த பிறகு இது இன்னும் அதிகம். ராமானுஜன் பொழுதையும் சொல்லியிருக்கிறார். நம் ஞாபகத்தில் தங்கியது தலைப்பு மட்டும்தான். தொல்காப்பியம் முதற்பொருள் என்பது நிலம், பொழுது இரண்டையும். பாதியைக் கைவிட்டுவிட்டு மீதியை 'இயற்கைக் கவிதை' என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

முல்லைக்குக் காரும் மாலையும். உரைகாரர்கள் கணக்கில் கார் என்பது ஆவணி, புரட்டாசி. கூதிர் ஐப்பசி, கார்த்திகை. நச்சினார்க்கினியர் ஆண்டையே ஆவணியிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது, அதாவது கூதிரில். காருக்கு உரியது தென்மேற்குப் பருவத்தின் பின்பகுதி. உள்மாவட்டங்களில் அந்த மாதங்களில் பகலெல்லாம் வெந்து, சாயங்காலம் இடித்துப் பெய்யும் மழை. காரையும் மாலையையும் சேர்த்துச் சொன்னவன் புழுதிக் காட்டில் நின்று வானத்தைப் பார்த்தவன் என்றே நான் நினைக்கிறேன். ஆக, முல்லையின் மழை பெருமழை அல்ல, முதல் மழை. அதன் பொருள் ஈரம் அல்ல, தேதி.

போருக்கோ பொருளுக்கோ போகிறவன் கார் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிப் போகிறான். சேற்றில் தேர் ஓடாது, ஆறு கடக்க முடியாது; படையெடுப்பு அதற்குள் முடிந்தாக வேண்டும். மாதப் பெயரும் ஏடும் வேண்டாத கெடு இது. இரண்டு பேரும் வெவ்வேறு இடத்திலிருந்து ஒரே வானத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கவிதை பிறப்பது இந்தக் கெடு தவறும் இடத்தில். குறுந்தொகை 66இல் கொன்றை பூத்துவிட்டது. தோழியோ கொன்றை மடத்தனமானது, அகால மழையைக் கார் என்று நம்பிவிட்டது என்கிறாள். 251இல் ஏமாந்தவை மயில்கள். 21இல் தலைவியே பேசுகிறாள்: காடு கார் என்று சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார். இவற்றைப் பருவ வர்ணனை என்று படிப்பவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. இவை வழக்குரைகள். சாட்சி சொல்ல வந்த மரத்தையும் பறவையையும் பொய்ச்சாட்சி என்று தள்ளி ஒரு ஆணின் வாக்கைக் காப்பாற்றும் முயற்சிகள். பருவமல்லாத மழைக்கு அன்று 'வம்பு' என்று பெயர். அந்தச் சொல் இன்று வீண் தகராறுக்கு ஆகியிருப்பது தற்செயலாக இருக்கலாம்.

மழைக்குத் தனியே ஒரு மனநிலை கிடையாது என்பதற்குக் கிஷ்கிந்தையைப் பார்க்கலாம். அங்கேயும் மழைக்காலத்தில் படை நகராது. ஆனால் இராமன் காத்திருப்பது மழை தொடங்க அல்ல, ஓய. மழை ஓய்ந்தும் சுக்ரீவன் வராதபோது இலக்குவன் சினத்தோடு போகிறான். கம்பனின் கார்காலப் படலத்தில் அதே மேகம், அதே மின்னல், அதே மயில். முல்லைத் தலைவிக்கு அவை வருகையின் அறிகுறிகள், இராமனுக்குத் தடைகள். இராணுவ உண்மை ஒன்றுதான், அதிலிருந்து எதிரெதிரான இரண்டு துயரங்கள் வந்திருக்கின்றன. காளிதாசனின் யக்ஷனுக்கும் கெடு உண்டு, விஷ்ணு துயிலெழும் சரத்காலத்தில் முடிகிற ஓராண்டு. அது சாபம் விதித்த கெடு. தவறவே தவறாது, ஆகவே அவன் நிம்மதியாக மேகத்துக்கு நீண்ட வழி சொல்லிக்கொண்டிருக்க முடிகிறது. மனிதன் வாயால் சொன்ன கெடுவில் இந்த வசதி இல்லை.

பின்னால் இளவேனில் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் பருவம் மன்மதனின் ஆணையோடு வருகிறது. யாரும் எந்த நாளும் குறிக்கவில்லை. வசந்தம் எல்லோருக்கும் பொதுவான சூழ்நிலையாகிவிட்ட பிறகு தென்றலும் குயிலும் சிற்றிலக்கியங்களில் பட்டியல்களாக நீண்டன.

நமது புதுக்கவிதையில் மழை நிறையப் பெய்கிறது. ஜன்னல் இருக்கிறது, வெளியே மழை இருக்கிறது, உள்ளே ஒரு சோகம் இருக்கிறது. யார் யாருக்கு என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. வானிலையைக் கொண்டு மனநிலையை உண்டாக்கிவிடலாம் என்ற இந்த நம்பிக்கை சிற்றிலக்கியப் புலவர்களுடையது. யாப்பு மட்டும்தான் போயிருக்கிறது.

103 அடிகளில் முடியும் முல்லைப்பாட்டில் மழையோடு தேரும் திரும்பிவிடுகிறது. 188 அடிகள் கொண்ட நெடுநல்வாடையில் கார் போய்விட்டது, கூதிரும் வந்துவிட்டது. இனிக் கொன்றையையோ மயிலையோ பொய்யென்று தள்ள முடியாது. நக்கீரர் குளிரைச் சொல்லும் விதத்தைப் பார்க்க வேண்டும்: சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது, விசிறி மடங்கித் தொங்குகிறது, குடத்துத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. பயன்படாமல் நின்றுபோன சாமான்களால் ஒரு பருவம். அரசி ஆபரணங்களைக் களைந்து கட்டிலில் இருக்கிறாள். வேலில் கட்டிய வேம்பைக் கண்டு நச்சினார்க்கினியர் பாட்டைப் புறம் என்று தீர்ப்பளித்தார். வேம்பு பாண்டியனின் அடையாளம். அவன் பாசறையில் இருக்கிறான். நள்ளிரவில் தூக்கமில்லாமல், சிலரோடு, வாடைக் காற்றிலும் தூறலிலும், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். பாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.